பூசணிக்குப் பக்கத்து நாற்காலி

கிட்ட வாருங்கள் கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்ட. முதுகு வலிக்கிறவர்கள் சுவரோரம் சாய்ந்துகொள்ளுங்கள். தூக்கம் வருகிறவர்கள் என் பக்கத்தில் உட்காருங்கள், தட்டி எழுப்ப வசதியாக இருக்கும். இன்றைக்கு உங்களுக்கு ஒரு கோபத்தின் கதை சொல்லப்போகிறேன். கேட்டு முடித்ததும் வீட்டில் யார் மேலாவது உங்களுக்குக் கோபம் வந்தால் பழியை என் மேல் போடாதீர்கள். கதை மேல் போடுங்கள், அது தாங்கும்.

அந்த ஊரில் இதுவரை காய்த்த பூசணிகளிலேயே மிகப் பெரியதற்கு எடை கிடையாது. எடை குறைவு என்று சொல்லவில்லை, எடையே கிடையாது. தராசில் ஏற்றினார்கள், முள் அசையவில்லை, இறக்கினார்கள். அந்த வருடம் மழை சுமார், வெங்காயம் விலை ஏறிக் கிடந்தது, பெரிய தெருவில் புதுச் சாக்கடை வெட்டினார்கள், பூசணிக்கு எடை இல்லை. ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் இந்த வரிசையில்தான் சொல்வார்கள். வெங்காயத்தைப் பற்றித்தான் கொஞ்சம் கூடுதலாகப் பேசுவார்கள்.

அங்கே அறுவடை முடிந்த கையோடு பூசணிப் போட்டி நடக்கும். பேருந்து நிலையத்துக்கு எதிர்த்த திடலில் வட்ட முகம் வைத்த இரும்புத் தராசு ஒன்று வந்து இறங்கும். எவருடைய காய் அதிக எடையோ அவர் ஜெயித்தவர். பரிசென்று கையில் கொடுக்க ஒன்றும் கிடையாது. ஒரு நாற்காலி உண்டு. கை வைத்தது, முதுகு உயர்ந்தது, கறுத்த மரம், கால்களுக்கு இரும்புப் பூண். ஜெயித்த காயைத் திடலின் நடுவில் வைத்து, அதன் பக்கத்தில் இந்த நாற்காலியைப் போட்டு, ஜெயித்தவரை உட்கார வைப்பார்கள். பொழுது சாயும் வரை உட்காரலாம். ஊரே வரிசையில் வந்து காயைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நாற்காலியில் இருப்பவரிடம் “எப்படி வளர்த்தீங்க?” என்று ஒரே ஒரு கேள்வி கேட்கும். அவர் பதில் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் மரியாதை. ஆனால் அதில் ஒரு தடவை உட்கார்ந்தவருக்கு வருடம் முழுக்கப் பேருந்தில் இடம் கிடைக்கும், ரொட்டிக்கடையில் சூடானது முதலில் கிடைக்கும், அவர் வாய் திறந்தால் மற்றவர்கள் வாயை மூடுவார்கள். மனிதர்கள் இதற்கு மேல் எதற்கு அடித்துக்கொள்கிறார்கள், சொல்லுங்கள்.

வருடா வருடம் அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் எடைமேடைக்காரர். லாரிகளை மொத்தமாக ஏற்றி நிறுக்கும் மேடை ஒன்று திடலுக்கு எதிரில் இருந்தது. அதன் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து எடை சொல்வது அவருக்கு உத்தியோகம். வருகிற லாரியின் டயர் எவ்வளவு பிதுங்குகிறது என்று தூரத்திலேயே பார்த்து எடையைச் சொல்லிவிடுவார், மேடை அதற்கப்புறம் ஒத்துக்கொள்ளும். அதனால் ஊர் அவரை ‘டன்’ என்றே கூப்பிட்டது. டன் அண்ணே என்றால் அவருக்கும் குளிரும். அவர் பேச்சிலும் டன் கணக்குத்தான், கிலோவெல்லாம் கிடையாது.

பூசணி வளர்த்ததோ அவர் மனைவி. அவள் சலவை நிலையத்தில் இஸ்திரி போடுகிறவள். மருத்துவமனைப் போர்வைகளும் விடுதித் தலையணை உறைகளும் மலை மலையாக வரும். அவற்றைக் காகிதம் போலத் தட்டையாக்கி அடுக்குவது அவள் வேலை. வேலை முடிந்து வந்தால் வீட்டுக்குப் பின்னால் உள்ள துண்டு நிலம். பெரும் பூசணி வளர்ப்பது குழந்தை வளர்ப்பதை விடக் கஷ்டம், ஏனென்றால் பூசணி அழுது கேட்காது. பெண்பூ நாளைக்கு மலரப்போகிறது என்று தெரிந்தால் முந்தின மாலையே அதன் வாயை நூலால் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் தேனீ வந்து எந்த ஊர் மகரந்தப் பொடியையாவது போட்டுக் குலத்தைக் கெடுத்துவிடும். விடிந்ததும் நல்ல ஆண்பூவாகப் பறித்து, இதழ்களைக் கிள்ளி எறிந்து, பெண்பூவின் கட்டை அவிழ்த்துத் தடவிவிட்டு மறுபடி கட்ட வேண்டும். பிஞ்சு பிடித்த பிறகு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் அறுத்துப் போட வேண்டும். அதற்கு மனசு வேண்டும். கொடியின் ஒவ்வொரு கணுவுக்கும் மண் அணைத்தால் அங்கேயும் வேர் இறங்கும். காய்க்கு அடியில் வைக்கோல், மேலே வெயில் படாமல் பழைய போர்வை. ஒரு நாள் தண்ணீரை மறந்து மறுநாள் இரட்டிப்பாக ஊற்றினால் காய் பட்டென்று வெடிக்கும். விரல் நுழைகிற வெடிப்பு இருந்தாலும் தராசில் ஏற்ற மாட்டார்கள். இவ்வளவும் அவள் செய்தாள். டன் மாதத்துக்கு ஒரு முறை நாடாவோடு வந்து சுற்றளவு எடுப்பார்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். டன் அதற்கும் மேலே. அவர் ஒரு முழுப் பெண்பிள்ளையைப் பூசணிக்காய்க்குப் பின்னால் மறைத்தார்.

போட்டிக் குழுவுக்கு ஒரு விதி இருந்தது: காய் யார் மண்ணில் விளைந்ததோ அவரே வளர்த்தவர். மண் டன்னின் பேரில் இருந்தது. ஆகவே நாற்காலியும் அவருக்கு. இஸ்திரிக்காரி பக்கத்தில் நின்று குடை பிடிப்பாள். “எப்படி வளர்த்தீங்க அண்ணே?” என்று கேட்பவர்களிடம் அவர், “நான் அதுகிட்ட பேசுவேன்பா. அப்பன் குரல் காதுல விழுந்தாத்தான் காய் பெருக்கும்” என்பார். ஒரு வருடம் பூவைப் பற்றி விவரம் தெரிந்த ஒரு வெளியூர்க்காரர், மகரந்தம் எப்படிச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டார். டன் கையை வீசி, “அதெல்லாம் தேனீ பார்த்துக்கும்” என்றார். பூவின் வாயைக் கட்டிக் கட்டி விரல் நுனியில் நூல் தழும்பு விழுந்தவள், மேலே குடையைப் பிடித்துக்கொண்டு, கீழே பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அந்தக் கோபமெல்லாம் எங்கே போயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? பூசணிக்குள் போயிற்று. அதை அவளே தற்செயலாகக் கண்டுபிடித்தாள். கல்யாணமான புதிதில் டன் நாலு பேர் எதிரில் அவள் வைத்த ரசத்தைக் கழுவுநீர் என்று சொல்லிச் சிரித்த ஒரு மத்தியானம், அவள் பின்பக்கம் போய்க் காயின் மேல் முதுகைச் சாய்த்து உட்கார்ந்தாள். முதுகுத்தண்டு வழியாக வெதுவெதுப்பாக ஏதோ இறங்கிப் போயிற்று. எழுந்தபோது உடம்பு பஞ்சாக இருந்தது. காய் வைக்கோலுக்குள் ஒரு விரற்கடை புதைந்திருந்தது. அன்றிலிருந்து தினமும் சாய்ந்தாள். சலவை நிலைய மேற்பார்வையாளர் கத்தினது, வீட்டில் நாத்தனார் குத்தினது, தேனீ பார்த்துக்கும் என்றது, எல்லாம் முதுகு வழியே காய்க்குள் இறங்கின. சாணமும் மீன் கழிவும் காயைப் பெரிதாக்கும், கனமாக்கியது இதுதான். அதே அளவுக் காய் ரொட்டிக்கடைக்காரர் தோட்டத்தில் விளைந்தாலும் எடையில் இதற்குப் பாதி நிற்காது.

கொடி ஓடுகிற மாதங்களில் அவள் நடந்தால் ஈர மண்ணில் தடம் பதியாது. காற்று பலமாக அடிக்கிற நாளில் கையில் இஸ்திரிப் பெட்டியை எடுத்துக்கொண்டுதான் தெருவைக் கடப்பாள். ஊரில் அவளுக்குக் கோபமே வராத மகராசி என்று பெயர். டன் அதையும் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். “எம் பொண்டாட்டிக்குக் கோபம்னா என்னன்னே தெரியாது. நம்ம வளர்ப்பு அப்படி” என்பார். கேட்டுக்கொண்டே அவள் தண்ணீர்க் குடத்தோடு பின்பக்கம் போவாள்.

இப்படி மழை பெய்த வருடங்களும் பொய்த்த வருடங்களும் போயின. ஆற்றுக்குப் பாலம் வந்தது, படகுக்காரர் பாலத்தில் சுங்கம் வாங்க உட்கார்ந்தார், மருத்துவமனை இரண்டு மாடி உயர்ந்ததால் போர்வைகள் இரட்டிப்பாயின. டன்னின் தலை வழுக்கையாகி அதன் மேல் ஒரு தொப்பி வந்தது. காய் ஒவ்வொரு வருடமும் முந்தைய வருடத்தை விடக் கனத்தது.

பிறகு ஒரு போட்டி நாள். அந்த வருடம் இஸ்திரிப் பெட்டி சரிந்து அவள் மணிக்கட்டில் பழுத்த கொப்புளம். அந்தக் கையோடுதான் குடத்தைத் தூக்கி ஊற்றி வளர்த்திருந்தாள். காய் ஜெயித்தது. டன் உட்கார்ந்தார். உச்சி வெயிலில் அவருக்குப் பசித்தது. அவள் அவர் காதருகே குனிந்தாள்.

“என்னங்க, நீங்க சாப்பிட்டு வர்ற வரைக்கும் நான் இதுல கொஞ்சம் உக்காரட்டுமா?”

டன் திரும்பிப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, “நீ உக்காந்தா யாருடி குடை பிடிக்கிறது? பூசணியா?” என்றார். வரிசை சிரித்தது. போட்டிச் செயலாளர் நல்ல மனிதர்தான். நல்ல மனிதர்களால் எவ்வளவு கெடுதல் செய்ய முடியுமோ அவ்வளவையும் செய்தார். “விதின்னு ஒண்ணு இருக்கும்மா. மண்ணு யாருதோ அவங்கதான்” என்றார்.

“காலியாத்தானே கிடக்கப்போகுது?”

“காலியா கிடந்தாலும் அப்படித்தான்.”

டன் எழுந்து, தன் இடம் என்று தெரிவதற்காகத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். வெயில் கொளுத்தியது. பழக்க தோஷம், அவள் குடையை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான், தான் ஒரு தொப்பிக்குக் குடை பிடித்துக்கொண்டு நிற்கிறோம் என்பது அவளுக்கு உறைத்தது. அதற்குள் பத்திரிகையிலிருந்து புகைப்படக்காரர் வந்து, “அம்மா, சித்த தள்ளுங்க, காய் மறையுது” என்றார். மறுநாள் பத்திரிகையில் படம் வந்தது: பூசணி, நாற்காலி, தொப்பி, குடை பிடித்த ஒரு கை.

படத்தைச் சலவை நிலையத்துக்குக் கொண்டுவந்து காட்டியவள் துவைக்கும் இயந்திரத்தை ஓட்டுகிற தோழி. எல்லோரும் அவளை மெஷின்காரி என்பார்கள். “கையி நல்லா விழுந்திருக்குடி” என்று சிரிப்பு மூட்டப் பார்த்தாள். இஸ்திரிக்காரி சிரிக்கவில்லை. “போதும். இந்த வருஷம் விதைய அடுப்புல போடு” என்றாள் மெஷின்காரி.

“காய் என்ன பாவம் பண்ணுச்சு?”

“அப்போ மறுபடியும் வளர்க்கப்போறியா? உனக்கு ரோஷமே இல்லியாடி?”

“வளர்ப்பேன். தண்ணி குடுப்பேன், எரு குடுப்பேன். ரோஷத்தை மட்டும் குடுக்க மாட்டேன்.”

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சொல்லிவைத்தவர் ஆத்திரத்தை அவ்வப்போது கொட்டித் தீர்த்த ஆள் போலிருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்த்திருந்தால் வேறு மாதிரி சொல்லியிருப்பார். இவளுக்குக் கோபம் ஏற ஏறப் புத்தி தெளிந்தது.

மறு வருடமும் விதை போட்டாள், பூவின் வாயைக் கட்டினாள், கணுவுக்கு மண் அணைத்தாள், ஒரு குறையும் வைக்கவில்லை. ஆனால் ஒரு நாளும் முதுகைச் சாய்க்கவில்லை. காய்க்கும் அவளுக்கும் நடுவில் ஒரு முழம் விட்டே வேலை செய்தாள். கீழே அழுத்துகிற பாரம் இல்லாததால் காய் புளித்த மாவு போல உப்பியது. ஜன்னல் உயரம் வந்தது, ஜன்னலைத் தாண்டியது, அடுப்படியில் பட்டப்பகலில் விளக்குப் போட வேண்டியிருந்தது. போர்வை போதாமல் நாலைந்தைச் சேர்த்துத் தைத்து மூடினாள்.

அவளோ கனக்கத் தொடங்கினாள். பார்வைக்கு அதே ஒடிசல் உடம்பு, அதே கைவளை. ஆனால் முதலில் அடுப்படி முக்காலி முறிந்தது. அப்புறம் சலவை நிலையத்தில் அவள் நிற்கிற இடத்துத் தரை ஓடு விரிந்தது. துணியின் மேல் இஸ்திரிப் பெட்டியை அழுத்தவே வேண்டாம், உள்ளங்கையை வைத்தால் போதும், போர்வை கண்ணாடியாகிவிடும். மேற்பார்வையாளர் முதல் முறையாக அவளைப் பாராட்டினார், அதற்கும் சேர்த்து அவளுக்கு ஒரு சேர் எடை கூடியது. பேருந்து அவள் உட்கார்ந்த பக்கமாகச் சாய்ந்ததால் நடத்துநர், “நடுவுல நில்லும்மா, புண்ணியமாப் போகும்” என்று கெஞ்சினார். கட்டில் அவள் பக்கம் குழிந்து டன் உருண்டு உருண்டு அவள் மேலேயே வந்து விழுந்தார். “கொஞ்சம் குறைச்சுத் தின்னுடி” என்று சொல்லிவிட்டுப் பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனார். லாரி டயரின் பிதுக்கலைத் தூரத்திலிருந்து கண்டுபிடிக்கிறவருக்கு வீட்டுக்குள் இருந்தது தெரியவில்லை.

தெரிந்தது நாத்தனாருக்கு. அவள் டன்னின் அக்கா. தாய் தகப்பன் போன பிறகு தம்பியை ஆளாக்கியவள். முட்டி போய்விட்டது, நாக்கு போகவில்லை. ஒரு காலை பின்பக்கம் வந்தவள், கொடியோரப் பாதையில் தம்பி மனைவியின் காலடிகள் ஒவ்வொன்றும் சாண் ஆழம் இறங்கித் தண்ணீர் தேங்கி நிற்பதைப் பார்த்தாள். ஒன்றில் தவளை குடியேறியிருந்தது.

“ஏண்டி, உள்ள என்னத்தை வெச்சிருக்க?”

“கோபம், அண்ணி.”

“எவ்வளவு?”

“தெரியல. கீழ இறக்கலையே.”

நாத்தனார் தவளையைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள். வழக்கமாக ஒரு குத்தல் வர வேண்டிய இடம் அது. வரவில்லை. கைத்தடியை ஊன்றித் திரும்பிப் போய், தான் உட்கார்ந்து குளிக்கிற கருங்கல்லை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். “மரத்துல உக்காராத, உடையும். இதுல உக்காரு” என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

போட்டி நெருங்கியதும் டன் நாடாவோடு வந்தார். பெரும் பூசணிக்காரர்கள் யாரும் காயைத் தூக்கி நிறுத்துப் பார்ப்பதில்லை, காம்பு முறிந்துவிடும் என்று பயம். குறுக்காக ஒன்று, நெடுக்காக ஒன்று, சுற்றி ஒன்று என மூன்று அளவு எடுத்துக் கூட்டி, இத்தனை அங்குலத்துக்கு இத்தனை எடை என்று சொல்லிவிடுவார்கள். நாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்ற இஸ்திரிக்காரி காய்க்கு அடியில் பார்த்தாள். வைக்கோல் போட்ட அன்றைக்கு இருந்தது போலவே புசுபுசுவென்று கிடந்தது. காய்க்குக் கீழே ஒரு புல் நிமிர்ந்து நின்றது.

“என்னங்க, ஒரு தடவை அசைச்சுத்தான் பாருங்களேன்.”

“நாடா பொய் சொல்லுமா? எடைதாண்டி என் சோறு. எனக்கே சொல்லித் தர்றியா?”

நியாயம். ஒரு தடவை சொல்லிவிட்டாள். அவள் கடமை தீர்ந்தது. டன் அன்றைக்கே ஊரெல்லாம் போய், தராசுச் சங்கிலியை மாற்றச் சொல்லுங்கள், இந்த வருடம் தாங்காது என்று அறிவித்தார். மரக்கிடங்கிலிருந்து பாரந்தூக்கி வண்டிக்குச் சொல்லி வைத்தார். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் கூட்டம் புறப்பட்டது.

போட்டி நாள் காலையில் பாரந்தூக்கிக்காரர் காயைத் தூக்கியபோது கம்பி விறைக்கவே இல்லை. இயந்திரத்துக்கு நேற்றுத்தான் எண்ணெய் போட்டோம், அதுதான் இவ்வளவு சுகமாகத் தூக்குகிறது என்று அவர் நினைத்துக்கொண்டார். லாரியில் வைத்துக் கட்டினார்கள். இஸ்திரிக்காரி குடையோடு பின்னால் நடந்து வந்தாள். வெயிலில் இளகியிருந்த தார் ரோட்டில் அவள் காலடி வரிசையாக இறங்கியது. இன்றைக்கும் மழைக்காலத்தில் சைக்கிள்காரர்கள் அந்தப் பக்கம் விலகித்தான் போகிறார்கள்.

திடலில் டன் முதல் வேலையாகத் தொப்பியைக் கழற்றி நாற்காலியில் வைத்தார். அப்புறம் காயைத் தராசில் இறக்கினார்கள். முள் அசையவில்லை. செயலாளர் தராசைத் தட்டினார். தானே ஏறி நின்றார். முள் அவர் தொப்பைக்கு உரிய மரியாதையைக் கொடுத்தது. இறங்கினார்; மறுபடி காய்; மறுபடி ஒன்றுமில்லை. ஓட்டை உண்டா என்று தடவிப் பார்த்தார்கள், இல்லை. தட்டிப் பார்த்தார்கள், தடித்த சதையின் சத்தம்தான் வந்தது. அப்போது லேசாக ஒரு காற்று வீச, ஒரு வீட்டளவு பூசணி தராசிலிருந்து எழும்பி ரொட்டிக்கடைக்காரர் தலைமேல் போய் உட்கார்ந்தது. அவர் குனியக்கூட இல்லை. ஒரு விரலால் தள்ளிவிட்டார்.

“தராசு கோளாறு!” என்று கத்தினார் டன்.

“அப்போ உங்க மேடைல ஏத்துங்க டன் அண்ணே. அது பொய் சொல்லாதுல்ல?” என்று எவனோ கூட்டத்திலிருந்து குரல் விட்டான். ஊருக்கு வேறென்ன வேண்டும். காயை விரல் நுனிகளில் தள்ளிக்கொண்டே ரோட்டைக் கடந்து எடைமேடைக்குக் கொண்டு போனார்கள். திடல் காலியாயிற்று. டன் தன் கண்ணாடி ஜன்னலுக்குள் உட்கார்ந்து பார்த்தார். லாரிகளுக்கெல்லாம் எடை சொன்ன வாயால் அவரே சொல்ல வேண்டும். வெளியே கூட்டம் “எவ்வளவு அண்ணே? எவ்வளவு?” என்று கேட்டது. டன் முகம் பூசணி நிறமாயிற்று.

“இது எம் பொண்டாட்டி பண்ண வேலை!” என்று ஜன்னலைத் திறந்துகொண்டு கத்தினார்.

செயலாளருக்கு உண்மையாகவே புரியவில்லை. “அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம் டன்? வளர்த்தது நீங்கதானே?”

“நானா வளர்த்தேன்? விதை போட்டது அவ. பூவைக் கட்டினது அவ. தண்ணி, எரு, வைக்கோல், எல்லாம் அவ! நான் நாடா பிடிச்சதோட சரி! என்னைய எதுக்குய்யா கேக்குறீங்க?”

அவ்வளவு வருடமாக ஒரு பாராட்டுக்கு வராத உண்மை, ஒரு பழிக்கு ஓடோடி வந்தது. கூட்டத்தில் ஒருவர் சிரித்தார், பிறகு யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் அவளைத் தேடித் திரும்பினார்கள்.

அவள் திடலில் இருந்தாள். எல்லோரும் ரோட்டைக் கடந்ததும் குடையை மடக்கிக் கீழே வைத்துவிட்டு, நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். தொப்பியை எடுக்கவில்லை, அதன் மேலேயே. இரும்புப் பூண் போட்ட நாலு கால்களும் முழங்கால் அளவு பூமிக்குள் இறங்கின. நாற்காலி உடையவில்லை. பழைய காலத்து மரம். இப்படி ஒருத்தி வருவாள் என்று செய்தவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

“எந்திரிடி” என்றார் ஓடிவந்த டன்.

அவள் அவரைப் பார்த்த பார்வையில் நாற்காலி இன்னும் ஒரு விரற்கடை இறங்கியது.

செயலாளர் தொண்டையைச் செருமினார். “அம்மா, கோபப்படாதீங்க. விதி என்னன்னா, மண்ணு யாருதோ...”

“மண்ணு அவருதுதான். யாரு இல்லைன்னா? போய் அள்ளிட்டு வாங்க. உக்கார வெப்போம்.”

குழுவினர் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கினார்கள். அவர்கள் சட்டை கிழிந்தது, நாற்காலி அசையவில்லை. அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அம்மிக்குக் கோபம் கிடையாது. கடைசியில் பாரந்தூக்கியைக் கொண்டுவந்து கொக்கி மாட்டினார்கள். இயந்திரம் உறுமியது, கம்பி விறைத்தது, வண்டியின் பின்சக்கரங்கள் தரையை விட்டு மேலே எழும்பின. அவள் புடவை மடிப்புக்கூடக் கலையவில்லை. பாரந்தூக்கிக்காரர் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கி, “தாயீ, நான் மரம் தூக்குறவன். இது என் வேலை இல்லை” என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு கைத்தடியோடு நாத்தனார் வந்தாள். அக்கா வந்துவிட்டாள், இனி இவள் எழுந்துவிடுவாள் என்று டன்னுக்கு உயிர் வந்தது. “அக்கா, நீயாச்சும் இவகிட்டச் சொல்லு” என்றார்.

“சொல்றேன்.” நாத்தனார் கைத்தடியை நாற்காலிப் பக்கம் நீட்டினாள். “ஏய், நல்லாக் கேட்டுக்க. எந்திரிச்சே, உன் காலை உடைப்பேன்.” பிறகு தம்பியின் பக்கம் திரும்பினாள். “உன்னைத் தூக்கிச் சுமந்து, உனக்கு ஆக்கிப் போட்டே என் முட்டி தேஞ்சுது. ‘அக்கா, சித்த உக்காரு’ன்னு ஒரு நாள் சொல்லியிருப்பியாடா நீ? எனக்குத்தான் அவளை மாதிரி சேர்த்து வைக்கத் தெரியல. அங்கங்க வாயால கொட்டிட்டேன், அதுவும் இவ தலையிலேயே கொட்டிட்டேன். போ, அங்கிட்டுப் போய் நில்லு. வரிசைல நில்லு!”

ஊர்க்காரர்களுக்கு வரிசை என்ற சொல் போதும், கால் தானாக நிற்கும். வரிசை உண்டாயிற்று. முதலில் நின்றவள் மெஷின்காரி. திடலுக்கே திரும்பக் கொண்டுவந்து, கயிறு கட்டித் தரையில் அடித்த ஆணியில் மாட்டியிருந்த பூசணியைத் தொட்டாள், அது மெல்ல ஆடியது. நாற்காலிக்கு முன்னால் வந்து, அத்தனை வருடமாகக் கூடவே வேலை பார்த்தவள் மாதிரி இல்லாமல், முறைப்படி கேட்டாள்.

“எப்படி வளர்த்தீங்க?”

இஸ்திரிக்காரி சொன்னாள். பூவின் வாயைக் கட்டியதிலிருந்து தொடங்கினாள். தேனீயைப் பற்றிச் சொன்னாள். ரசத்தைப் பற்றிச் சொன்னாள், மணிக்கட்டைப் பற்றிச் சொன்னாள், தொப்பிக்குக் குடை பிடித்ததைப் பற்றிச் சொன்னாள். குரலை உயர்த்தவும் இல்லை, அழவும் இல்லை. அடுத்தவர் கேட்டபோது மறுபடி முதலிலிருந்து சொன்னாள். பெண்கள் சிலர் கேட்டு முடித்ததும் போகாமல் வரிசையின் கடைசியில் போய் நின்று இன்னொரு தடவை கேட்டார்கள். அவர்கள் வீடு திரும்பும்போது நடையில் ஒரு கனம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்த வாரம் ஊரில் நிறைய முக்காலிகள் உடைந்தன. தச்சருக்கு நல்ல வியாபாரம்.

பொழுது சாய்ந்ததும் அவளே எழுந்தாள். யாரும் தூக்கவில்லை, யாரும் சொல்லவில்லை. நேரம் முடிந்தது, எழுந்தாள்.

எடைப்படி அந்த வருடம் ஜெயித்தது ரொட்டிக்கடைக்காரரின் காய். அவர் அதன் பக்கத்தில் சந்தோஷமாக நின்றுகொண்டே பதில் சொன்னார், அவருக்கு நின்று பழக்கம். நாற்காலியைத் தோண்டி எடுக்கப் பார்த்தார்கள். தோண்டத் தோண்ட அது இறங்கிக்கொண்டே போனதால் விட்டுவிட்டார்கள். போட்டிக் குழு விதியை மாற்றவில்லை. குழுக்கள் மாற்றுமா என்ன? விதி தாளில் அப்படியே இருக்கிறது, நாற்காலி மண்ணில் அப்படியே இருக்கிறது, வருடா வருடம் அவள் வந்து உட்காருகிறாள். அவளைத் தவிர வேறு யார் உட்கார்ந்தாலும் அது குழந்தைகள் ஏறும் ராட்டினம் போல ஆடுவதால் யாரும் உட்காருவதில்லை. மறு வருடம் டன் தானாகவே குடையோடு வந்து பக்கத்தில் நின்றார். “வேண்டாம், வெயில் நல்லாத்தான் இருக்கு” என்றாள். அவளுக்குக் கோபம் தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், இல்லை. ஏன் தீர வேண்டும்? அதை அவள் யாருக்கும் கொடுக்கவும் இல்லை, எதிலும் இறக்கவும் இல்லை. வீட்டுத் தரையைக் கருங்கல்லாக்கிக்கொண்டாள். நாத்தனாருக்கு ஒரு நல்ல சாய்வு நாற்காலி வாங்கிப் போட்டு, காலை நீட்டி உட்கார வைத்தாள்.

எடையில்லாத பூசணியை அறுத்து ஊருக்குப் பங்கு வைத்தார்கள். சமைக்கும்போது மூடியின் மேல் கல் வைக்க வேண்டியிருந்தது, இல்லாவிட்டால் துண்டுகள் மேலே போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டன. ருசி சுமார்தான், உப்பு கொஞ்சம் கூட வேண்டும். பேருந்தில் இப்போதும் அவள் ஏறினால் நடத்துநர் ஒன்றும் சொல்வதில்லை; பயணிகளே எழுந்து இரண்டு பக்கமும் சரிபாதியாகப் பிரிந்து உட்கார்ந்துகொள்கிறார்கள், வண்டி நேராகப் போகிறது.

அவ்வளவுதான் கதை, கண்ணுகளா. எழுந்திருங்கள், நேரமாகிறது. உங்கள் வீட்டுக் கொடிகள் தழைக்கட்டும், பிஞ்சுகள் வெடிக்காமல் முற்றட்டும். உழைத்தவர் பேரை உங்கள் வீட்டு வாய்கள் வெட்கப்படாமல் சொல்லட்டும். உங்கள் கோபம் உங்களை உடைக்காமல் ஊன்றி நிறுத்தட்டும். அடுப்பு அணையாமல், படி குறையாமல், பெண்ணும் பிள்ளையும் பெரியவரும் சிறியவரும் ஒருசேர உட்கார்ந்து உண்டு, எல்லோரும் நன்றாக இருங்கள்.